“கிளாஸ்ல எல்லாரும் என்னை ‘காக்கா’னு கூப்பிடுறாங்க!”

“பையன் எட்டாவது படிக்கிறான். தினமும் காலையில மொட்டை மாடியில நின்னு பறவைகளை எண்ணி நோட்டுல எழுதுவான். ரெண்டு வருஷமா இதே பழக்கம். ஸ்கூல்ல எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அட்டெண்டன்ஸ்ல அவன் பேர் வந்தாலே பின்னாடியிருந்து ‘கா... கா...’னு சத்தம் வருதாம். ரெண்டு வாரமா அவன் மாடிக்கே போறதில்லை. ‘விடு, இனிமேலாவது ஒழுங்கா படிப்பான்’னு அவங்க அப்பா சொல்றார். எனக்கு மனசு கேட்கலை. என்ன பண்ணலாம்?”

நம் வாட்ஸ்அப்புக்கு ஒரு அம்மா அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ் இது. ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டும் இங்கே இல்லை.

போன் செய்தேன். பையன் முதலில் “ம்”, “ஆமாக்கா” என்பதற்கு மேல் பேசவில்லை. நோட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. தேதி, நேரம், வெயிலா மேகமா, என்ன பறவை, எத்தனை என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறான். ஒரு பக்கத்தில் காகம் 14 என்று எழுதி, பக்கத்திலேயே ‘வீட்டுக் காகம் 12, அண்டங்காகம் 2’ என்று பிரித்திருந்தான்.

நம்மில் பலருக்குக் காக்கா என்றால் காக்காதான். அமாவாசைக்குச் சோறு வைக்கிறோம், கரைந்தால் விருந்தாளி வருவார் என்கிறோம். ஆனால் மாடியில் வந்து உட்காரும் காகத்தின் கழுத்து சாம்பல் நிறமா, இல்லை முழுக்கக் கறுப்பா என்று எத்தனை பேர் பார்த்திருப்போம்? கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக் காகம். உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகு தடிமனாக இருந்தால் அண்டங்காகம். குரலும் வேறு வேறு.

இதைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், அடுத்த இருபது நிமிடம் அவன் பேசினான், நான் கேட்டேன். “கூவுறது ஆண் குயில்தான்க்கா. அதுதான் கறுப்பு. பெண் குயில் பழுப்பா, உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். சினிமாப் பாட்டுலதான் மாத்தி மாத்திச் சொல்றாங்க” என்றான். தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது, தூக்கணாங்குருவியில் ஆண்தான் கூட்டைப் பின்னிக் காட்டிப் பெண்ணைக் கூப்பிடுவது என்று பாடம் நடந்தது. போன வருஷம் ஒரு கரும்சாம்பல் வாலாட்டி அவர்கள் தெருவில் தேங்கிய தண்ணீர் ஓரம் வந்ததாம். கோடையில் இமயமலைப் பக்கம் இருந்துவிட்டு, குளிருக்கு நம் பக்கம் இறங்கி வரும் பறவை அது. அந்த நாளைச் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

நோட்டின் கடைசிப் பதிவுக்குப் பிறகு பக்கம் வெள்ளையாக இருந்தது. “ஏன்டா நிறுத்திட்டே?” என்றேன். “யாரும் பாக்குறதில்லைல்ல... நான் மட்டும் ஏன் பாக்கணும்?” என்றான்.

இந்தப் பதிலை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூலில் ‘காக்கா’ என்று கத்துவது ஒரு நாளில் மொத்தம் அஞ்சு நிமிடம் இருக்குமா? அந்த அஞ்சு நிமிடத்தையும் அவன் இத்தனை நாள் தாங்கித்தான் இருக்கிறான். கிண்டல் ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது என்கிறார் அம்மா. அவன் மாடிக்குப் போவதை நிறுத்தியதோ இரண்டு வாரம் முன்னால். இடையில் என்ன நடந்தது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். மிட்டேர்ம் மார்க் வந்த அன்று அப்பா நோட்டைக் கையில் எடுத்து, “இதனால என்ன பிரயோஜனம்? காக்காவை எண்ணி என்ன கலெக்டர் ஆகப்போறியா?” என்று கேட்டாராம்.

பாருங்கள், இரண்டு இடத்திலும் காக்காதான். ஸ்கூலில் கேட்டதையே வீட்டிலும் கேட்டால் பையன் எங்கே போவான்? கிளாஸ்மேட் கிண்டல் செய்தால் ‘அவனுக்குத் தெரியலை’ என்று நினைத்துக்கொள்ளலாம். அப்பாவுமே அதைச் சொல்லும்போது, ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும்.

அந்த அப்பாவை வில்லன் ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் பத்தாவது பப்ளிக் எக்ஸாம். அந்தக் கவலை எல்லா வீட்டிலும் உண்டு. ‘கட்டம் போடுவது, கணக்கு வைப்பது, கவனிப்பது எல்லாமே படிப்புக்கு உதவும் சார்’ என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தலாம்தான். பொய்யும் இல்லை. ஆனால் மார்க்குக்கு உதவுகிறது என்பதற்காகத்தான் பறவை பார்க்க வேண்டும் என்றால் அது ஹாபி இல்லை, இன்னொரு டியூஷன். (பஸ் டிக்கெட் சேர்த்ததற்காக ஸ்கூல் முழுக்க ‘கண்டக்டர்’ என்று பெயர் வாங்கியவள் நான். மஞ்சள், ரோஸ், பச்சை டிக்கெட்டுகள் இன்னும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக இருக்கின்றன. இன்றுவரை அவற்றால் ஒரு ரூபாய் பிரயோஜனம் இல்லை. இப்போது மெஷினில் வரும் டிக்கெட்டில் எழுத்தே மறைந்துவிடுவதுதான் என் ஒரே வருத்தம்.)

பறவை என்றதும் சாலிம் அலி ஞாபகம் வருவார். 1896-ல் மும்பையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருக்கும்போது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கழுத்தில் மஞ்சள் தீற்றல். இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தெரியாத மாமா, ‘இது ஒரு கேள்வியா, போய்ப் படி’ என்று சொல்லவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரரிடம் பையனை அனுப்பிவைத்தார். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்கவில்லை. சங்கம் சேர்த்து வைத்திருந்த, பஞ்சடைத்த பறவைகளையெல்லாம் எடுத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகும் சாலிம் அலிக்கு எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. பட்டம் இல்லை என்பதால் பறவை ஆய்வாளர் வேலை ஒன்று கைக்கு வராமல் போனது. வேலை இல்லாத காலத்தில் கடலோரக் கிராமமான கிஹிமில் உட்கார்ந்து தூக்கணாங்குருவி எப்படிக் கூடு கட்டுகிறது, எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆய்வுதான் அவரைப் பேசவைத்தது. 1941-ல் வந்த அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ புத்தகத்தை வைத்துப் பறவை பார்க்கக் கற்றவர்கள் ஏராளம். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் இருக்கும் பறவையியல் மையத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள்.

கிளாஸ்மேட்கள் வைத்த பட்டப்பெயர் என்றால் இன்னொருவர். வீட்டில் போகிமான் பார்க்கும் குட்டீஸ் இருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் பூச்சி பிடிப்பதுதான் அவருக்கு எல்லாமே. மற்ற பசங்க மரப்பட்டையில் தேன் தடவி வண்டு பிடிப்பார்கள். வண்டு பகலில் கல்லுக்கு அடியில்தானே தூங்கும் என்று யோசித்து, இவர் மரத்தடியில் கல்லை வைத்துவிட்டு வந்து, காலையில் போய்க் கல்லைப் புரட்டி எடுத்துக்கொள்வார். கூட இருந்தவர்கள் வைத்த பெயர் ‘டாக்டர் பூச்சி’. ஊர் வளர வளர, அவர் பூச்சி பிடித்த இடமெல்லாம் கட்டடம் ஆனது. மீன் பிடிக்கும் குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் சென்டர் வந்தது. பிற்பாடு கேம் பாய் மெஷின்கள் இரண்டை ஒரு வயரில் இணைக்கலாம் என்று பார்த்தபோது, அந்த வயர் வழியாக ஒரு பூச்சி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. 1996 பிப்ரவரியில் போகிமானின் முதல் கேம் ஜப்பானில் வெளியானது.

கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை அந்தப் பையனிடம் சொல்லும்போது நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் சொன்னேன். ‘நீயும் ஒருநாள் பெரிய ஆள் ஆவே, அப்ப எல்லாரும் வாயை மூடுவாங்க’ என்பது ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனால் பாரம். பறவை பார்க்கும் எல்லாரும் சாலிம் அலி ஆகப்போவதில்லை. பேங்கில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

சரி, அம்மா கேட்டதற்கு வருகிறேன். அப்பாவிடம் வாதாட வேண்டாம். ஒரு ஞாயிறு காலை காபி டம்ளரோடு மாடிக்குக் கூப்பிடுங்கள், போதும். பையனை விளக்கச் சொல்லுங்கள். கரிச்சான் தன்னைவிடப் பெரிய காகத்தை விரட்டி விரட்டி அடிப்பதை ஒருமுறை நேரில் பார்த்தால், எந்த அப்பாவும் இரண்டாவது டம்ளர் கேட்பார்.

ஸ்கூல் விஷயம் வேறு. சத்தம் போடுவது, பட்டப்பெயர் வைப்பது ஒரு ரகம். கோபப்பட்டால் அடுத்த நாள் சத்தம் இரண்டு மடங்காகும். பையனும் நானும் பேசி ஒரு பதில் தயார் செய்தோம். யாராவது ‘காக்கா’ என்றால், “எந்தக் காக்கா? ரெண்டு இருக்கு” என்று கேட்பது. சொல்லிவிட்டு அவனே சிரித்தான். இது எல்லா கிளாஸிலும் வேலை செய்யும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பேச்சுவாக்கில் அவன் இன்னொன்றும் சொன்னான். முதல் பெஞ்சில் இருக்கும் ஒருத்தன் தனியாக வந்து, “டேய், எங்க வீட்டுப் பக்கம் ராத்திரி ஆந்தை கத்துது. கெட்டது நடக்கும்னு பாட்டி சொல்றாங்க, நிஜமா?” என்று கேட்டானாம். இவன் பதில் சொல்லாமல் வந்துவிட்டான். கிண்டல் என்று நினைத்துவிட்டானாம். எனக்கென்னவோ அது கிண்டலாகத் தெரியவில்லை. அந்தப் பையனிடம் போய், ஆந்தை இருக்கும் தெருவில் எலித் தொல்லை குறையும் என்று பாட்டியிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நாற்பது பேரும் ஃப்ரெண்ட் ஆக வேண்டியதில்லை. நோட்டை எட்டிப் பார்க்க ஒருத்தன் இருந்தால் போதும்.

நோட்டைப் பிடுங்குவது, கிழிப்பது, அடிப்பது, வீடியோ எடுத்து குரூப்பில் போடுவது, இதெல்லாம் கிண்டல் கணக்கில் வராது. அங்கே ‘கண்டுக்காதே’ என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அன்றைக்கே கிளாஸ் டீச்சரையோ ஹெச்.எம்-மையோ நேரில் பாருங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் குழந்தைகளுக்கான 1098 உதவி எண் இருக்கிறது. பிள்ளைகளே கூப்பிடலாம்.

இனி, ‘காக்காவை எண்ணி என்ன பிரயோஜனம்’ என்ற கேள்வி. பிரயோஜனம் இல்லாவிட்டாலும் எண்ணலாம் என்பதுதான் என் கட்சி. ஆனாலும் தகவலுக்காகச் சொல்கிறேன். 2023-ல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்று ஒரு அறிக்கை வந்தது. 942 வகைப் பறவைகளில் எது பெருகுகிறது, எது குறைகிறது என்று ஆராய்ந்தார்கள். அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் இ-பேர்ட் தளத்தில் ஏற்றிய 3 கோடி பதிவுகள். பெரும்பாலானவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. நம் பையனைப் போல மாடியிலும் ஏரிக்கரையிலும் நின்று எண்ணியவர்கள்தான். அரிய பறவைகளை மட்டும் எழுதினால் அந்தக் கணக்கு நிற்காது. எங்கும் பார்க்கும் பறவை குறைகிறதா என்பது, அதைத் தினமும் எண்ணி எழுதினால்தான் தெரியும். அதிலும் ‘பார்த்தேன், ஒன்றும் வரவில்லை’ என்பதும், ‘நான் பார்க்கவே இல்லை’ என்பதும் வேறு வேறு. அவன் நோட்டில் அந்த இரண்டு வாரம் இரண்டாவது ரகம்.

சேர்ந்து எண்ணுவதற்கும் வாய்ப்புகள் இருக்கின்றன. பொங்கல் லீவில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் கணக்கெடுப்பு. அதில் பள்ளி, கல்லூரி வளாகங்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பைனாகுலர் கட்டாயமில்லை. ஒரு இடத்தில் கால் மணி நேரம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணி இ-பேர்ட் ஆப்பில் ஏற்றினால் போதும். இதைப் படிக்கும் சயின்ஸ் டீச்சர்கள் யாராவது உங்கள் ஸ்கூல் கிரவுண்டில் செய்து பார்த்தால் எனக்கு எழுதுங்கள். பட்டியலில் காகத்தையும் சேர்க்க வேண்டும், வீட்டுக் காகம் தனி, அண்டங்காகம் தனி.