வெயிலைத் தேடும் வண்டு

நெல் பயிரிடும் சமவெளி அன்பர்கள் புகையானை நன்கு அறிவர். காற்றில் ஈரம் மிகுந்து, நடவு நெருக்கமாகி, தழைச்சத்தும் அளவு மீறினால், அப்பூச்சி தூரடியில் பெருகிப் பயிரைத் தீய்த்துவிடும். சேர்வராயன் மலைமேல் ஏறினாலோ நிலைமை நேர்மாறு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் பெரும் பகையாகிய தண்டுத் துளைப்பான் வெயிலையே விரும்புவது.

கரிய இறக்கைகளில் வெண்கோடுகள் உடைய மெலிந்த வண்டு அது. ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் தண்டைத் துளைத்து வெளிவருகிறது. மழையிலும் மூடுவானத்திலும் முடங்கிக் கிடக்கும். வெயில் சுள்ளென்று அடித்தால் பறந்து திரிந்து, நிழலற்ற அராபிகாச் செடிகளின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். ஏறக்குறைய 10 நாளில் பொரியும் புழு, முதலில் பட்டைக்கடியிலும் பின்பு கட்டைக்குள்ளும் குடைந்து பல மாதங்கள் உள்ளேயே வாழ்கிறது. இலை மஞ்சளிக்கும்போதுதான் பலர் விழித்துக்கொள்கின்றனர். இளஞ்செடியாயின் ஓராண்டில் மடிந்துபோகும். நட்டு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்தே பலன் காணவேண்டிய பயிர் காப்பி. ஓரிரு ஏக்கரை நம்பி வாழும் மலைவாழ் குடும்பத்துக்கு இவ்விழப்பு எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, கோடைமழை பொய்த்த ஆண்டும், ஐப்பசி கார்த்திகையில் மழை விட்டு வெயில் காயும் ஆண்டும் அஞ்சத்தக்கவை. இது புதிய செய்தியன்று. 1860களில் குடகு நாட்டில் காட்டை அடியோடு அழித்துத் திறந்த வெளியில் காப்பி வைத்தனர். வறட்சி வந்தது, துளைப்பானும் வந்தது, தோட்டம் தோட்டமாகச் செடிகள் பட்டன. அதனை ஆராய்ந்த மருத்துவர் ஜார்ஜ் பிடீயின் அறிக்கை 1869இல் வெளியாயிற்று. நிழலின்மையும் வறட்சியும் அதில் காரணங்களாகக் காட்டப்பட்டன.

மழையை வரவழைக்க நம்மால் ஆகாது, நிழல்மரத்தைக் காக்கலாம். மிளகுக்கொடி ஏற்றவும் மரம் விற்கவும் சில்வர் ஓக் உதவும் என்பது மெய்யே. எனினும் பலா போன்ற பரந்த மரங்களை வெட்டிவிட்டு அதனை மட்டும் நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று. அதற்காக இருட்டாக்கிவிடவும் கூடாது. நிழல் மிகுந்தால் காய்ப்புக் குறையும், இலைத்துரு நோயும் பற்றும். வண்டு பறக்கும் மாதங்களில் மட்டும் கிளை கழிக்காதிருங்கள்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும், அதாவது வண்டு வெளிவருமுன், செடி செடியாகத் தண்டைத் தடவிப் பாருங்கள். பட்டையில் வரப்புப்போல் புடைத்திருந்தால் உள்ளே புழு உண்டு, வேரோடு பிடுங்கிவிடுங்கள். நல்ல செடிகளின் சொரசொரப்பான பட்டையைத் தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்துவிட்டு, 200 லிட்டர் நீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டில் தெளிக்கலாம். முட்டையிட இடுக்கு இராது.

பிடுங்கிய செடியை என்ன செய்கிறோம் என்பதில்தான் வீட்டுப் பெண்மணிகளின் கவனம் தேவை. நல்ல விறகாயிற்றே என்று அடுப்படிக்குப் பின்னால் அடுக்கிவைத்தால், அக்கட்டையிலிருந்தே வண்டு வெளிவந்து தோட்டத்துக்குத் திரும்பும். உடனே எரித்துவிடுவதே மேல். விறகுக்கு வைத்தே ஆகவேண்டுமெனில், ஒரு வாரம் பத்து நாள் கட்டைகளை நீரில் முழுவதும் அமிழ்த்தி, புழு செத்தபின் காயவைத்துக்கொள்ளுங்கள்.