சேர்க்கைப் பதிவேடும் தலைமையாசிரியர் தூவலும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக் கதவுகள் திறக்கும் சூன் திங்களில், தலைமையாசிரியர் ஒருவரின் உள்ளத்தில் ஓராயிரம் எண்ணங்கள் ஓடும். கூரை ஒழுகாதிருக்குமா, குடிநீர்க் குழாயில் நீர் வருமா, பாடநூல்கள் வந்து சேருமா, ஓய்வு பெற்றுச் சென்ற ஆசிரியரின் இடத்திற்கு வேறொருவர் வருவாரா என்றெல்லாம் அவர் கவலைப்படுவார். கவலைப்படத்தான் வேண்டும். ஆனால், இவையனைத்தும் அவ்வாண்டோடு தீர்ந்துபோகும் கவலைகள். ஒழுகும் கூரையை அடுத்த ஆண்டு செப்பனிட்டுக்கொள்ளலாம். வராத ஆசிரியர் ஆடியிலேனும் வந்து சேர்வார். ஒருமுறை செய்துவிட்டால் பின்னர் எளிதில் திருத்தவியலாத பணி ஒன்று அந்த முதற்கிழமையில் இருக்கின்றது. சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதும் பணியே அது.

அப்பதிவேட்டின் ஆற்றலைத் தமிழ்நாட்டு முதியோர் நன்கறிவர். அந்நாளில் பள்ளிக்கு வந்த பிள்ளையை, வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். விரல் காதைத் தொட்டால் அகவை ஐந்து நிறைந்தது. தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வருக என்பார். பிறந்த நாள் அறியாத பிள்ளைக்கு அவரே ஒரு நாளைக் குறித்துக்கொள்வார். அதனாலன்றோ பழைய தலைமுறையினர் பலர்க்கும் சான்றிதழ்ப்படி பிறந்த நாள் மே, சூன் திங்கள்களிலேயே அமைந்திருக்கின்றது! ஐப்பசி மழையில் பிறந்தவனும் தை அறுவடையில் பிறந்தவளும் பள்ளித் திறப்பையொட்டிப் பிறந்தவர் ஆயினர். அந்த நாளைக் கொண்டே அவர்கள் தேர்வெழுதினர், பணியிற் சேர்ந்தனர், ஓய்வும் பெற்றனர். ஈன்ற தாய் அறிந்த நாள் பொய்யாயிற்று. தலைமையாசிரியர் எழுதிய நாள் மெய்யாயிற்று. ஒரு தூவலின் ஆற்றல் இத்துணை!

இன்று பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. பிறந்த நாளைக் குறிக்கும் உரிமை தலைமையாசிரியரிடமிருந்து போயிற்று. பிள்ளையின் பெயரை மாற்றும் உரிமையும் அவர்க்கு இல்லை, இருத்தலும் கூடாது. ஆயினும், அவர் எழுதுவது ஏட்டிலிருந்து கணினிக்கு ஏறி, மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வாழ்நாள் முழுதும் வருகின்றது. அவ்வாறு எழுதப்பெறுவனவற்றுள் இரண்டு, அவர் சொல்லால் இன்றும் திருந்தக்கூடியவை. ஒன்று முன்னெழுத்து, மற்றொன்று பயிற்றுமொழி.

முன்னெழுத்தை முதலில் காண்க. தந்தையின் பெயர் முருகன். மகளின் பெயர் கயல்விழி. இரண்டும் நறுந்தமிழ்ப் பெயர்கள். ஆனால் பதிவேட்டில் ஏறுவதோ ‘எம். கயல்விழி’! முருகன் என்னும் பெயரில் ‘எம்’ எங்கே இருக்கின்றது? தந்தை தமிழில் ‘மு’ என்றிருக்க, மகளின் முன்னெழுத்தில் ஆங்கிலேயனின் எழுத்தொலி வந்து அமர்ந்துகொள்வது என்ன முறை? அவள் தன் வாழ்நாளில் எத்துணை முறை கையொப்பமிடுவாளோ, அத்துணை முறையும் தன் தந்தையை ஆங்கிலத்தின் வழியாகவே நினைக்க வேண்டும். ‘மு. கயல்விழி’ என்றெழுத ஒரு காசு செலவில்லை. ஒரு நொடி கூடுதலாகத் தேவையில்லை. தாயின் பெயர் முதலெழுத்தையும் சேர்த்தெழுதும் நல்வழக்கும் பரவி வருகின்றது. பள்ளிப் படிவம் தொடங்கிச் சான்றிதழ் வரையில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுதல் வேண்டுமெனத் தமிழ்நாட்டரசு 2021-ஆம் ஆண்டு ஆணையும் பிறப்பித்தது. எனவே, ஆணை இல்லையென்று இனி எந்தத் தலைமையாசிரியரும் சொல்லவியலாது. ஆணையைப் படித்த கண்ணும் எழுதும் கையும் ஒன்றுபட வேண்டும், அவ்வளவே.

பெயரில் புகுந்த வேற்றெழுத்துகளின் செய்தி சற்று வேறானது. தமிழில் வந்து வழங்கும் வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியர் எச்சவியலில் நெறி வகுத்தார். ஆயினும் ஹரிஷ், ஹர்ஷிணி எனப் பிறப்புச் சான்றிதழில் எழுதிவந்த பெயரைத் தலைமையாசிரியர் தாமே மாற்றியெழுதிவிட்டால், பின்னாளில் அலுவலகந்தோறும் அலைபவள் அந்தப் பிள்ளையே. பிள்ளையை அலைக்கழிப்பது தமிழ்த் தொண்டாகாது. பெற்றோரிடம் பெயரின் பொருளைக் கேட்க வேண்டும். பலர்க்கு அது தெரிந்திராது. பொருள் தெரியாத பெயரைப் பிள்ளைக்கு இட்டிருப்பதை அவர்கள் உணருமாறு கனிவுடன் சொல்லுதல் வேண்டும். அடுத்து வரும் பிள்ளைக்கேனும் அச்சொல் பயன்படும்.

இனி, பயிற்றுமொழிக்கு வருக. உயிர்நிலை இதுவே.

தமிழ்நாட்டில் தமிழ்வழிக் கல்விக்காக 1999-ஆம் ஆண்டு தமிழறிஞர் 102 பேர் சென்னையில் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். அவ்வாண்டின் இறுதியில், ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்று அரசு ஆணையிட்டது. அடுத்த ஆண்டே சென்னை உயர்முறைமன்றம் அவ்வாணையைத் தள்ளிற்று. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்றேயன்றிப் பயிற்றுமொழி ஆக்கவில்லை. 2012-13 கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பெற்றன. 2014-ஆம் ஆண்டு, கருநாடக வழக்கொன்றில், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில்தான் தருதல் வேண்டுமென அரசு கட்டாயப்படுத்தவியலாது என்றும், அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்காகப் பெற்றோரிடம் உள்ளதென்றும் உச்சமுறைமன்றம் தீர்ப்பளித்தது.

ஆணையின் கதவும் சட்டத்தின் கதவும் இவ்வாறு சாத்தப்பட்டபின் எஞ்சியிருக்கும் கதவு எது? பெற்றோரின் தேர்வு என்னும் கதவே. அக்கதவு திறப்பதும் மூடுவதும் பள்ளித் திறப்பின் முதற்கிழமையில், தலைமையாசிரியர் எதிரே பெற்றோர் அமர்ந்திருக்கும் அந்தக் கால்மணி நேரத்தில்தான். ‘தமிழ்வழியா, ஆங்கிலவழியா?’ என்று அவர் கேட்கும் தொனியிலேயே பாதி விடை அடங்கிவிடுகின்றது.

தலைமையாசிரியரின் இக்கட்டையும் மறைத்துப் பேசுதல் ஞாயமன்று. ஆகத்து முதல்நாள் பள்ளியிலுள்ள மாணவர் தொகையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்பெறுகின்றன. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 61 பிள்ளைகளுள் ஒரு பிள்ளை விலகினால், ஓர் ஆசிரியர் மிகையெனப்பட்டு நிரவலில் வேற்றூர் செல்வார். ஐந்து வகுப்புகளை இருவர் தாங்க வேண்டும். அதே சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கி, அதற்குரிய தொகையை அரசு ஈடுசெய்ய வேண்டுமென்றும் கூறுகின்றது. தெருமுனையில் தனியார் ஊர்தி வந்து நிற்கின்றது. ஆங்கிலவழி இல்லையென்றால் பிள்ளை போய்விடும். பிள்ளை போனால் ஆசிரியர் போவார். ஆசிரியர் போனால் பள்ளியே போகும். ‘பள்ளியைக் காக்க ஆங்கிலவழியைத் திறந்தேன்’ என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னால், அவரைத் தமிழ்ப் பகைவர் எனத் தூற்றுதல் எளிது. அவர் இடத்தில் நின்று பார்த்தல் அரிது.

ஆயினும், இக்கட்டு உண்மை என்பதனால் அவர் கண்ட தீர்வும் சரியாகிவிடாது. ஆங்கிலவழி என்று பெயரிட்ட வகுப்புகள் பலவற்றில் நடப்பது என்ன? ஆசிரியர் தமிழில் விளக்குகின்றார். பிள்ளை ஆங்கிலத்தில் உருப்போடுகின்றது. அறிவு ஒரு மொழியில், விடைத்தாள் வேறொரு மொழியில்! ‘நிலநடுக்கோடு’ என்ற அளவில் அது நிலவுலகின் நடுவே செல்லும் கோடு என்பது தமிழ்ப்பிள்ளைக்கு விளங்கிவிடும். ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடும். அவற்றின் ஆங்கிலச் சொற்களோ அப்பிள்ளைக்கு வெறும் ஒலிகள். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே தக்கதென ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1953-ஆம் ஆண்டே வெளியிட்ட நூலில் வலியுறுத்தியது. இது தமிழ்ப்பற்றாளரின் தனிக்கூற்று அன்று.

பெற்றோர் கேட்பது ஆங்கிலவழியையா, ஆங்கிலத்தையா என்பதைத் தலைமையாசிரியர் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூலி வேலை செய்யும் தாய், தன் மகள் நான்கு பேர் நடுவே ஆங்கிலத்தில் பேச வேண்டுமென விரும்புகின்றாள். அவ்விருப்பம் இழிவானதன்று. பத்தாண்டு ஆங்கிலம் படித்தும் ஒரு மடல் எழுதத் தெரியாமல் தமிழ்வழிப் பள்ளி தன் பிள்ளைகளை வெளியே அனுப்பியதனாலன்றோ அவள் அஞ்சுகின்றாள்? ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக, பேசவும் எழுதவும் வருமாறு, செம்மையாகக் கற்பிக்கும் தமிழ்வழிப் பள்ளியே அவ்வச்சத்திற்கு மருந்து. ‘மற்றப் பாடங்கள் தமிழில் விளங்கட்டும், ஆங்கிலத்தை ஆங்கிலமாக இப்பள்ளி கற்பித்துத் தரும்’ என்று உறுதி சொல்லவும், சொன்னதை நிறைவேற்றவும் வல்ல தலைமையாசிரியர் முன்னே பெற்றோர் தயங்கமாட்டார்.

அவர் எடுத்துச் சொல்வதற்குக் கைப்பிடியான செய்தியும் உண்டு. தமிழ்வழியிற் பயின்றோர்க்கு அரசுப் பணி நேரடி அமர்த்தத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பட்டத்தை மட்டும் தமிழில் பெற்றால் போதாது, பள்ளிக் கல்வியும் தமிழ்வழியிலேயே அமைந்திருத்தல் வேண்டுமென 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இறுக்கிற்று. ஆகவே, முதல் வகுப்பில் பயிற்றுமொழிக் கட்டத்தில் எழுதும் ஒரு சொல், இருபது ஆண்டு கழித்து ஒரு வேலையின் வாயிலைத் திறக்கவோ அடைக்கவோ செய்யும். அன்று அந்தப் பிள்ளை தமிழ்வழிச் சான்றுக்காக வந்து நிற்பதும் அதே பள்ளித் தலைமையாசிரியரிடந்தான். இதைச் சேர்க்கை நாளில் எத்தனை பெற்றோர்க்கு எத்தனை பேர் சொல்கின்றனர்?

இத்தனையும் சொன்னபின், எழுத்தறியாத தந்தை ஒருவர் எழுந்து, ‘ஐயா, உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கின்றது?’ என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்கு நேரே விடை சொல்லக்கூடிய தலைமையாசிரியரின் சொல்லே ஊரில் எடுபடும். தம் மகனைக் காலையில் ஆங்கிலப் பள்ளி ஊர்தியில் ஏற்றிவிட்டு, பத்து மணிக்கு ஊரார் பிள்ளைக்குத் தமிழ்வழியின் பெருமையை விளக்குபவரின் நாவில் தமிழும் கூசும். தமிழாசிரியர்க்கும் தமிழ் மேடையில் முழங்குவார்க்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டுத் தலைமையாசிரியர்களே! சேர்க்கைப் பணியை வேறொருவர் கையில் விட்டுவிடாதீர்கள். மே திங்களிலேயே தெருத்தெருவாகச் சென்று பெற்றோரைக் காணுங்கள். முதற்கிழமையில் நீங்களே அமர்ந்து, ஒவ்வொரு பெற்றோர்க்கும் ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். முன்னெழுத்தைத் தமிழில் எழுதுங்கள். பயிற்றுமொழிக் கட்டத்தை நிரப்புமுன் பேசுங்கள், பேசியபின் எழுதுங்கள். பெற்றோர் தமிழ்வழியைத் தேர்ந்த நாளிலிருந்து, அத்தேர்வு தவறன்று என்று மெய்ப்பிக்கும் கடன் உங்களுடையது. முறைமன்றம் பெற்றோரிடம் விட்ட உரிமையைப் பெற்றோர் அறிந்து ஆளச் செய்வதற்கு எந்தத் தீர்ப்பும் தடையன்று. பதிவேடு திறந்திருக்கின்றது, தூவல் உங்கள் கையில் இருக்கின்றது. எழுதுக, தமிழில் எழுதுக!