ஆயாவுக்கு எத்தனை குடம்?

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதுமே, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பையும் பிள்ளைகளுமாக இறங்குகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். சென்னை, பெங்களூரு, புதுச்சேரி என்று பிழைப்புக்காகப் போனவர்களின் குடும்பங்கள். அங்கிருந்து டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பிரிந்து போவார்கள். வருஷம் முழுக்க ஒருவரோ இருவரோ இருந்த வீட்டில், திடீரென்று பத்துப் பேருக்குச் சோறு வேகும்.

இந்தப் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த ரெண்டாம் நாளே பேரப்பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: "ஆயா, பின்னாடி இவ்ளோ இடம் சும்மா கெடக்குதே, தோட்டம் போடலாமா?"

மறுநாளே மண்வெட்டி வெளியே வரும். வெண்டை, கத்திரி, தக்காளி, கூடவே நர்சரியில் வாங்கிய மா, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள். போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாகிவிடும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். தோட்டமும் ஆயாவும் மட்டும் மிச்சம்.

அதற்குப் பிறகு நடப்பதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பிள்ளைகள் வைத்த செடி கண்ணெதிரே வாடுவதைப் பார்க்க மனசு கேட்காமல், முட்டி வலியோடு குடம் தூக்குவார் ஆயா.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் ஏறக்குறைய 15 கிலோ. முப்பது செடிக்குத் தினம் இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் 60 லிட்டர், அதாவது நாலு குடம். பத்து மரக்கன்றுக்குத் தலா ஐந்து லிட்டர் என்றால் இன்னும் மூன்று குடத்துக்கு மேல். தினமும் நூறு கிலோவைத் தாண்டும் எடை. அறுபது, எழுபது வயதில் இது சாதாரணமா?

அதனால் கோடைத் தோட்டத்துக்கு முதல் விதி இதுதான்: ஊருக்குப் போகிறவர் ஆசைக்கு அல்ல, வீட்டில் இருக்கிறவர் கைக்கு எட்டும் அளவுக்குத்தான் செடி.

எதை வைக்கலாம்?

லீவு ஏறக்குறைய நாற்பது நாள். அதற்குள் பலன் தருகிறதை முதலில் பாருங்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த 25-ஆம் நாளில் பறிப்புக்கு வந்துவிடும். விதைத்த பிள்ளைகளே பறித்து, ஆயா கடைந்து கொடுக்கும் கீரையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவார்கள். வெண்டை காய்க்க 45 நாள் ஆகும். அதில் நாலைந்து செடி போதும்.

சுரை, பூசணி, வெள்ளரி வேண்டுமென்றால் பானைப் பாசனம் நல்லது. மெருகு போடாத மண்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை மூடிவிட வேண்டும். பானையைச் சுற்றி மூன்று நான்கு விதை. பானை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வேர் அதைத் தேடி வந்து குடிக்கும். தினமும் ஊற்ற வேண்டியதில்லை. பானை குறையும்போது நிரப்பினால் போதும்.

செடி அடியில் காய்ந்த இலை, வைக்கோல், மல்லாட்டைத் தோல் என்று எது கிடைக்கிறதோ அதை மூடாக்காகப் பரப்புங்கள். வெயில் மண்ணை நேராகத் தொடாததால் ஈரம் சீக்கிரம் ஓடிவிடாது. பாத்திரம் கழுவுகிற இடத்துத் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் திருப்பிவிட்டால் வாழைக்கு அதுவே போதும்.

மரக்கன்றை மட்டும் மே மாதத்தில் நடாதீர்கள். இப்போது குழி மட்டும் வெட்டலாம். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். வெட்டிய குழி அக்னி நட்சத்திர வெயிலில் நன்றாகக் காயட்டும், மண்ணிலிருக்கும் பூச்சியும் முட்டையும் குறையும். பிறகு மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து மூடிவிட்டு, மழை பிடித்ததும் கன்றை நட்டால், தண்ணீர் ஊற்றும் வேலையில் பாதியை வானம் பார்த்துக்கொள்ளும். குழி வெட்டிய பையன் பொங்கலுக்கு வந்து தன் மரத்தைப் பார்ப்பான்.

கோட்டையிலும் இதே கணக்கு

செஞ்சிக்கு வந்துவிட்டுக் கோட்டைக்குப் போகாமல் இருக்க முடியுமா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். மற்ற 11-ம் மகாராஷ்டிராவில்.

கோடையில் போவதென்றால் காலையில் கோட்டை திறந்ததுமே ஏற ஆரம்பித்துவிட வேண்டும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பாறையெல்லாம் சூடேறிவிட்டால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது துண்டு கட்டாயம். தின்பண்டத்தைப் பையை விட்டு வெளியே எடுத்தால் குரங்கு கேட்காமலே பங்குக்கு வந்துவிடும். மலை ஏற முடியாதவர்கள் கீழே கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் நிதானமாகப் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு ராஜா கதை சொல்லும்போது தண்ணீர்க் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராஜகிரி உச்சியிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும் இரண்டு இடங்கள் உண்டு. கீழே மழைநீரைத் தேக்கி வைக்கும் குளங்கள். கல்யாண மகாலுக்கு அரை கிலோமீட்டர் தூரத்துக் குளத்திலிருந்து சுட்ட மண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். சிவாஜி 1677-ல் பிடித்த இந்தக் கோட்டையில், அவர் மகன் ராஜாராம் வந்து தங்கினார். மொகலாயப் படை 1690-ல் முற்றுகை போட்டது. கோட்டை அவர்கள் கைக்குப் போனது 1698-ல்தான். மதில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குளத்தில் தண்ணீரும் களஞ்சியத்தில் தானியமும் இல்லாமல் ஏழு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்திருக்க முடியுமா?

வேறொரு நாள் பக்கத்து ஊர்களுக்கும் போகலாம். சிங்கவரத்தில் பாறையிலேயே செதுக்கிய, பள்ளிகொண்ட ரங்கநாதர். அதற்கு அருகில் திருநாதர் குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். விழுப்புரம் போகும் பக்கம் மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

கூட்டு வேலை, கூட்டுச் சாப்பாடு

இந்த மாதங்களில் இறவை நிலங்களில் வேர்க்கடலை பிடுங்கும் வேலை நடக்கும். இந்தப் பக்கத்துப் பேச்சில் அது 'மல்லாட்டை'. பிடுங்கிப் போட்ட செடியைச் சுற்றி மர நிழலில் உட்கார்ந்து காய் ஆயும்போதுதான், ஊரிலிருந்து வந்த பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் சிநேகிதமாகிறார்கள். பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்துவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் வேறு தீனி வேண்டாம். காலையில் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும், மத்தியானம் நுங்கு. பிரிட்ஜைத் திறக்க ஞாபகமே வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கிணறு, ஏரி, குளம், கல்குவாரிக் குட்டை எதிலும் பிள்ளைகள் தனியாக இறங்கக் கூடாது. உள்ளூர்ப் பையன்கள் குதிப்பதைப் பார்த்து நீச்சல் தெரியாத பிள்ளையும் குதித்துவிடும். ஒவ்வொரு கோடையிலும் இப்படிச் செய்தி வருகிறது. நீச்சல் கற்றுக்கொடுக்க லீவு நல்ல சமயம்தான். ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீரில் கூடவே இருக்க வேண்டும், இடுப்பில் டியூபும் கயிறும் இருக்க வேண்டும். இந்த விதி எல்லா நாளும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள்

பெட்டி கட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் தோட்டத்துக்குக் கொடுங்கள். எந்தச் செடி இருக்கட்டும், எது போகட்டும் என்று ஆயாவையே சொல்லச் சொல்லுங்கள். அவர் 'வேணாம்' என்பதைப் பிடுங்கிவிடுங்கள். மூடாக்கைப் புதுசாகப் போட்டு, பானைகளை நிரப்பி, குழாயிலிருந்து தோட்டம் வரைக்கும் ஒரு ரப்பர் ஓஸ் வாங்கி மாட்டிவிடுங்கள். செலவு கொஞ்சம்தான், ஆயாவுக்குக் குடம் தூக்கும் வேலை மிச்சம்.

ஊருக்குப் போனபின் போன் பண்ணும்போது, "வெண்டை காய்ச்சுதா ஆயா?" என்று கேட்பதற்கு முன்னால், "முட்டி வலி எப்படி இருக்குது?" என்று கேளுங்கள். வெண்டைக்காய்க் கதையை அவரே சொல்வார்.