களிம்பு போட்டால் போதுமா?

என் நாத்தனார் மகளுக்கு, இரண்டு முழங்காலுக்கும் கீழே சிவந்து, தொட்டாலே வலிக்கும் கட்டிகள். 'சூட்டுக் கட்டி' என்று மஞ்சள் பற்று, களிம்பு என ஒரு மாதம் ஓட்டினோம். சாயங்காலமானால் காய்ச்சல், இருமல், உடம்பு இளைப்பு... யாரும் கண்டுக்கவே இல்லை.

அரசு மருத்துவமனையில் சளியும், எக்ஸ்ரேயும் பார்த்ததில், நுரையீரலில் டி.பி.,! உள்ளே இருக்கும் கிருமியை எதிர்த்து உடம்பு போராடுவது, சிலருக்கு இப்படிக் காலில் கட்டியாகத் தெரியுமாம். எல்லாக் கட்டியும் டி.பி., இல்லை; ஆனால், காய்ச்சலும், இளைப்பும் சேர்ந்தால் சும்மா இருக்கக் கூடாது என்றார் டாக்டர்.

'கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு. வெளியே தெரிஞ்சா என்னாகும்?' என்று மாமியார் மறைக்கப் பார்த்தார். நாத்தனார் கேட்கவில்லை. இலவச மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டு, இப்போ நல்லா இருக்கா. வரன் அப்புறம் வரும். பொண்ணு வருவாளா, தோழியரே?

— ஒரு வாசகி, திண்டுக்கல்.