பச்சை என்பது நிறம் மட்டுமா?



வந்தவாசியில் பாய் நெய்யும் குடும்பத்தார் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் அமர்ந்திருந்தேன். பள்ளியிலிருந்து வந்த பேரன் பாட்டியை மடக்கினான்: "பச்சைத் தண்ணி கொண்டாரச் சொன்னியே ஆயா, தண்ணி எங்கே பச்சையா இருக்குது?" 'கிரீன்' என்றால் பச்சை என்று அன்றுதான் படித்து வந்திருந்தான். பாட்டி வாசலில் கிடந்த கோரையைக் காட்டினாள். "இது இன்னிக்கு அறுத்தது, பச்சைக் கோரை. அது வெயில்ல காஞ்சது. காயாதது, வேகாதது எல்லாமே பச்சைதான்டா."

புலவர் பல பக்கங்களில் கூறக்கூடியதைப் பாட்டி ஒரே வரியில் கூறிவிட்டாள். பச்சரிசி வெண்ணிறமானது, நெல்லை அவிக்காமல் குத்தியதால் அது பச்சரிசி. காய்ச்சாத பால் பச்சைப் பால். ஆறாத புண் பச்சைப் புண். பிறந்து சில நாளே ஆன மகவு பச்சைக் குழந்தை. அதனைப் பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. சிறிதும் மறைப்பின்றிச் சொல்லும் பொய்யோ பச்சைப் பொய்!

ஆங்கிலச் சொல்லும் நிறத்தோடு நின்றுவிடவில்லை. 'வளர்தல்' என்னும் பொருளுடைய சொல்லோடு உறவுடையது அது. காயாத மரத்தையும், தொழிலுக்குப் புதியவனையும் ஆங்கிலேயர் 'கிரீன்' என்பர். ஆனால் காய்ச்சாத பாலை அவ்வாறு சொல்லார். ஆகவே, ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல்லை மனப்பாடம் செய்யும் பிள்ளை, நிறத்தைப் பெற்றுக்கொண்டு மற்றப் பொருள்களையெல்லாம் இழந்துவிடக்கூடும்.

திருவழிபாட்டில் ஆண்டின் பொதுக்காலத்தில் குருவானவர் பச்சை உடை அணிகிறார். நம்பிக்கையைக் குறிக்கும் நிறம் அது. சிலுவைப் பாதையின் எட்டாம் நிலையிலோ வேறொரு பச்சையைக் காண்கிறோம். அழுது நின்ற யெருசலேம் பெண்களிடம் ஆண்டவர் பச்சை மரத்தையும் பட்ட மரத்தையும் ஒப்பிட்டுப் பேசியதை லூக்கா நற்செய்தி 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே பச்சை என்பது நிறமன்று, உயிரின் ஈரம்.

ஈரம் உள்ளது எதுவோ, அது எளிதில் கெடவும் கூடும். ஆதலால் பச்சை என்று நம் முன்னோர் சொன்ன இடங்களில் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. "அவளுக்குப் பச்சை உடம்பு" என்று வீட்டுப் பெரியவள் சொல்லிவிட்டால், அந்த மருமகளைத் தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்ல எவரும் துணியார். அச்சொல்லே அவளுக்குக் காவலாயிற்று. சொல் மறைந்தால் அந்தக் காவலும் மறையுமன்றோ?

வள்ளுவரும் வினைத்தூய்மை அதிகாரத்தின் இறுதியில் சுடாத பச்சை மண் கலத்தைக் காட்டுகிறார். வஞ்சகத்தால் தேடிய பொருளைக் காத்தல், அக்கலத்தில் நீரை ஊற்றி வைப்பது போன்றது என்பது அவர் கருத்து. நீரும் நில்லாது, கலமும் கரையும்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் பச்சை மண்ணே. விரல் பட்ட இடமெல்லாம் தடம் பதியும். கடன்காரர் வாசலுக்கு வரும்போது, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" எனக் குழந்தையை அனுப்புகிறோம். பச்சைக் குழந்தையின் வாயில் பச்சைப் பொய்! அந்தத் தடம் சூளையில் வெந்த பிறகு அழியுமா?

இன்று இரவு உணவின்போது, பச்சை என்ற சொல் வரும் தொடர்களைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அறியாதவற்றைப் பாட்டி சொல்லட்டும். பொய்யைப் பற்றிய பாடத்தை மட்டும் நாம் நடந்து காட்டுவோம்.