கால்ஷியத்தின் வாயை அடைக்கும் கிருமி

கால்ஷியம் என்றதும் எலும்பும் பல்லும்தான் நினைவுக்கு வரும். உடம்பிலுள்ள கால்ஷியத்தில் சுமார் 99 சதவீதம் அங்கேதான் குடியிருக்கிறது. மீதி ஒரு சதவீதத்துக்குத்தான் விசித்திரமான வேலைகள். ரத்த வெள்ளை அணு விழுங்கிய கிருமி சாகுமா பிழைக்குமா என்பது பெருமளவு அதைப் பொறுத்தது.

விழுங்குவது வேறு, கொல்வது வேறு. விழுங்கப்பட்ட கிருமி ஒரு சவ்வுப் பைக்குள் கிடக்கிறது. அதைச் சிதைக்கும் நொதிகள் இருப்பதோ வேறு பைகளில். இரண்டு பைகளின் சவ்வுகளும் கலந்து ஒன்றானால்தான் நொதி கிருமியைத் தொடும். சவ்வுகள் தாமாகக் கலந்துவிடுவதில்லை. நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். அவற்றை இழுத்துப் பிணைப்பவை சில புரதங்கள். ‘இப்போது’ என்று உத்தரவிடுவது பெரும்பாலும் கால்ஷியம். நரம்பு செல்களில் இந்த உத்தரவு நிறைவேறும் விதத்தை விளக்கிய தாமஸ் சூடாஃப், 2013இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உத்தரவு காதில் விழ வேண்டுமானால் மற்ற நேரத்தில் சத்தம் இருக்கக் கூடாது. அதனால் செல் தனக்குள் வரும் கால்ஷியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் அளவு வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான். கிருமி வந்து ஒட்டியதும் சில வினாடிகளில் அது பல மடங்கு உயர்கிறது.

நம் ரத்தத்தில் மிகுதியாக உள்ள வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் இதில் ஒரு படி மேலே போகிறது. அதனிடம் பலவகைப் பைகள். கால்ஷியம் சிறிது உயர்ந்தால் சாதுவானவை மட்டும் திறக்கும். நம் திசுவையே அரித்துவிடக்கூடிய நொதிகள் உள்ள பைகள் திறக்க மிக அதிக அளவு வேண்டும். தேர்ந்த நிர்வாகிகூட இதைவிடச் சிக்கனமாக யோசித்திருக்க முடியாது!

காசநோய்க் கிருமி கை வைப்பது இந்த இடத்தில்தான். நுரையீரலில் அதை விழுங்குபவை மேக்ரோஃபேஜ்கள். வெள்ளை அணுக்களின் உறவுக்காரர்கள். உயிருள்ள காசநோய்க் கிருமி இருக்கும் பையோடு நொதிப் பைகள் கலப்பதில்லை என்பது 1971இலேயே தெரிந்துவிட்டது. காரணங்களில் ஒன்று 2000இல் அமெரிக்க ஆய்வில் வெளிப்பட்டது. செத்த கிருமியை விழுங்கினால் மேக்ரோஃபேஜில் கால்ஷியம் உயர்கிறது. உயிருள்ளதை விழுங்கினால் உயர்வதில்லை. ரசாயனம் சேர்த்து செயற்கையாக உயர்த்தியபோது பைகள் கலந்தன, கிருமிகளும் அதிகம் செத்தன.

அப்படியானால் பால் நிறையக் குடிக்கலாமா, கால்ஷியம் மாத்திரை விழுங்கலாமா என்று கேட்கத் தோன்றும். பயனில்லை. ரத்தத்தில் கால்ஷியத்துக்குப் பஞ்சமே கிடையாது; பாராதைராய்டு சுரப்பி அதை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கிறது. தடைபட்டிருப்பது செல்லுக்குள் எழ வேண்டிய உத்தரவு.

ஆய்வில் பயன்பட்ட ரசாயனத்தையும் நோயாளிக்குக் கொடுக்க முடியாது. அது மேக்ரோஃபேஜை மட்டும் தேடிப் போகாது; இதயம், நரம்பு என்று எல்லா செல்களிலும் கால்ஷியத்தைத் திறந்துவிடும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் உள்ள இந்தியாவில், வழக்கமான ஆறு மாத மாத்திரைதான் இன்னும் கைகொடுக்கிறது.