கோடு பட்டில் இல்லை, கேமராவில்!

"லினக்ஸா? அதுல வெப் கேமரா வேலை செய்யாது சார். டிரைவர் சிடியே கிடையாது."

2025 டிசம்பரில் காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் வெப் கேமரா வாங்கியபோது எனக்கு இலவசமாகக் கிடைத்த ஆலோசனை இது. கடைக்காரர் சொன்னது ஒரு காலத்தில் உண்மைதான். ஆனால் இன்று லினக்ஸில் கேமராவுக்கு இருக்கும் பிரச்சினை வேறு. அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பது என் கருத்து.

கேமரா எனக்காக அல்ல, பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் என் சித்தப்பாவுக்காக. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட மனம் வராமல் லினக்ஸ் மின்ட் இன்ஸ்டால் செய்து கொடுத்தேன்.

செல்போன் இருக்கும்போது வெப் கேமரா எதற்கு என்று கேட்பீர்கள். சேலையை விரித்துக் காட்ட இரண்டு கையும் வேண்டும். தவிர, போன் கேமரா எதையும் கொஞ்சம் அழகாக்கித்தான் காட்டும். முகத்துக்கு அது சரி. அரக்கு நிறத்தை சிவப்பாக்கிக் காட்டினால் பார்சல் போன வேகத்தில் திரும்பி வரும்.

கேமராவை யு.எஸ்.பி.யில் செருகினேன். சிடி இல்லை, டவுன்லோட் இல்லை. சாஃப்ட்வேர் மேனேஜரில் சீஸ் என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்து திறந்ததும் சித்தப்பா முகம் திரையில் வந்துவிட்டது. "அவ்வளவுதானாப்பா?" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

மறுநாள் மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தச் சேலை பார்க்க வீடியோ காலில் வந்தது. மயில் கழுத்து நிறம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி அடிக்கும். திரையில் அது வெறும் நீலமாகத் தெரிந்தது. அதைவிட மோசம், அந்த அம்மா கேட்ட கேள்வி: "குறுக்க கோடு கோடா விழுந்திருக்கே, நெசவுக் குறையா?"

நெசவாளியிடம் இதைவிடப் பெரிய வார்த்தை கேட்க முடியாது. சித்தப்பா சேலையைக் கையில் எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். கோடு இல்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று லைனை வைத்துவிட்டார்கள். பதினைந்து நாளுக்கு மேல் தறிக்குழியில் கால் வைத்து நெய்த சேலை அது.

கோடு எங்கிருந்து வந்தது? மேலே எரிந்த ட்யூப்லைட்டிலிருந்து. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த ட்யூப்லைட் அதனால் விநாடிக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. கேமரா ஒரு படத்தை ஒரே நொடிப்பில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக எடுக்கிறது. அந்த மினுக்கலோடு அதன் வேகம் ஒத்துப் போகாவிட்டால் இருண்ட பட்டைகள் விழும். நாங்கள் வாங்கிய கேமரா அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கணக்கில் செட் செய்யப்பட்டிருந்தது. லினக்ஸ் அதை அப்படியே விட்டுவிட்டது.

இதை மாற்றும் இடம் சீஸில் இல்லை. அது போட்டோ எடுத்து விளையாட நல்ல புரோகிராம், அவ்வளவுதான். லினக்ஸில் கேமரா என்று யார் கேட்டாலும் "சீஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதைத்தான் நான் குறை சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜி.யு.வி.சி.வியூ. அதுவும் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே இலவசமாகக் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கேமராவுக்குள் இருக்கும் ஒவ்வொரு திருகாணியும் அதில் தெரியும். பவர் லைன் ஃப்ரீக்வென்சி என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தேன். கோடு போயே போய்விட்டது!

அடுத்தது நிறம். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோமேட்டிக்கில் இருந்தால், திரை முழுக்க ஒரே நிறப் பட்டு நிறையும்போது, 'வெளிச்சமே இந்த நிறம்தான் போலிருக்கிறது' என்று கேமரா தப்பாக முடிவு செய்து எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, தாள் வெள்ளையாகத் தெரியும் வரை ஸ்லைடரை நகர்த்தினேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா, "நிறுத்து, இப்பதான் மயில் கழுத்து" என்றார். நாற்பது வருடக் கண்; அதைவிட நல்ல மீட்டர் எங்கே வாங்குவது?

வீடியோ கால் ஓடும்போதே மாற்ற வேண்டுமானால் ஜி.யு.வி.சி.வியூவை கன்ட்ரோல் பேனல் முறையில் மட்டும் திறக்கலாம். இல்லாவிட்டால் பிரவுசரும் அதுவும் ஒரே கேமராவுக்கு அடித்துக்கொள்ளும்.

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். 2003-இல் யு.வி.சி. என்ற பொது விதி வந்தது. அதன்படி செய்த கேமராவுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. லோரன் பின்சார் எழுதிய யு.வி.சி. டிரைவர் 2008-இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. அதற்கு முந்தைய கேமராக்களுக்காக மிஷேல் ஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஓய்வு நேரத்தில் நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு டிரைவர் எழுதினார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக! கடைக்காரரின் எச்சரிக்கை அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்று முழுதாகச் சொல்லவும் முடியவில்லை. கடந்த சில ஆண்டுகளில் வந்த மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் உள்ளே இருக்கும் கேமரா யு.எஸ்.பி. வழியாக இணைக்கப்படுவதில்லை. நேராக இன்டெலின் ஐ.பி.யு.6 என்ற பகுதியோடு இணைந்திருக்கிறது. அங்கே யு.வி.சி. விதி செல்லாது. இதற்கான அடிப்படை டிரைவர் 2024-இல் கெர்னல் 6.10-இல்தான் வந்தது, இன்னமும் எல்லா மாடலிலும் சுலபமாக வேலை செய்வதில்லை. எழுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் வராத படம், எண்ணூறு ரூபாய் கேமராவில் வருகிறது! லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, கேமரா வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். உதவி வேண்டுமானால் எங்கள் ஊரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஜிட்சியில் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள்.

லினக்ஸ் மின்ட் செய்பவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இன்ஸ்டால் செய்யும்போது எந்த ஊர் என்று கேட்கிறீர்கள். கொல்கத்தா நேரம் என்று சொல்லிவிட்டோம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது ரகசியமா? கேமரா செருகப்பட்டதும் அதை நீங்களே செட் செய்தால் என்ன? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இன்ஜினீயர் பையன் இருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது.

மலேசியா அம்மாவை இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்தோம். சேலையை அசைத்துக் காட்டியதும், "அன்னைக்கு வேற சேலையா காட்டினீங்க?" என்று கேட்டார். சித்தப்பா, "அதே சேலைதாம்மா, கேமராதான் சரியில்ல" என்றார். சேலை போய்விட்டது. கேமராவைக் கழற்றி மாட்டினால் அது மறுபடி 60-க்கே போய்விடுகிறது என்பதால், என்ன செய்ய வேண்டும் என்று எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.